சிஸ்டர் ரூம்

செஞ்சி
18.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அமலா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த மலையில் இன்னும் குளிர் விடவில்லையா?

போனில் உன்னிடம் எதையும் சொல்ல முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கான்வென்டிலிருந்து இறங்கி வந்து, சிக்னல் பிடித்துக் கூப்பிட்டால், அந்தக் கொஞ்ச நேரமும் அம்மாவுக்கே போய்விடுகிறது. கடைசியில் எனக்குக் கிடைப்பது “நல்லா இருக்கியா, ஜெபம் பண்ணு” மட்டும். ஒடிசாவுக்குத் தபால் போய்ச் சேர எத்தனை நாளானாலும் பரவாயில்லை என்றுதான் எழுதுகிறேன்.

வீடு வாங்கிவிட்டேன். இத்தனை வருடம் சென்னையிலும் பாண்டிச்சேரியிலும் யார் யார் வீட்டுக்கோ சுவர் நிறமும் திரைச்சீலையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள், முதல் தடவையாக என் வீட்டு வாசலில் நின்று டேப் பிடித்து அளந்தேன். பஜாருக்குப் பின் தெருவில் பழைய வீடு. ஒரு ஹால், சமையலறை, பின்னால் ஒரு படுக்கையறை, தெருவைப் பார்த்து ஒரு முன் அறை. முன் அறை சன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை முழுசாகத் தெரிகிறது. வெயில் காலத்தில் பாறைச் சூடும் கூடவே வரும், குரங்கும் வரும். இரண்டுக்கும் எனக்கு வழி தெரியும். அந்த அறையைப் பார்த்துத்தான் வீட்டையே வாங்கினேன். என் வேலை மேஜை அங்கேதான்.

அம்மா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து பார்த்தாள். “கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு எதுக்குடி தனி வூடு” என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். முன் அறைக்குள் போனதும் குரல் மாறிவிட்டது. “இது சிஸ்டருக்கு. லீவுல வந்தா அவுங்க ஊர்ல கெடந்து வேவுறாங்க. இங்க காத்தோட்டமா இருப்பாங்க” என்றாள். நீ மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவள். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். நீயும் படித்துவிட்டுச் சிரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
அமலா


10.03.2024

இயேசுவில் அன்பான தங்கை அமலாவுக்கு,

இறைவன் கிருபையால் நலமாக இருக்கிறேன். விடுதிப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டு இறங்கியிருக்கிறது. உங்கள் எல்லோருக்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அம்மாவைச் சர்க்கரை மாத்திரை தவறாமல் போடச் சொல்.

வீடு வாங்கியது கேட்டு மிகவும் சந்தோஷம். எனக்கு எதற்கு அறை? அம்மா பாசத்தில் சொல்வதை மனதில் வைக்காதே. துறவிக்கு எங்கே படுத்தாலும் ஒன்றுதான்.

ஒரு சந்தேகம் மட்டும். அந்தச் சன்னல் எத்தனை அடி அகலம்? பழைய வீடு என்றால் சுவர் கனமாக இருக்குமே, சன்னல் கட்டையில் காலை மடக்கி உட்கார இடம் இருக்குமா? இருந்தால் ஒரு பலகை போட்டுவிடு. வெள்ளைப் பெயின்ட் அடிக்காதே. இங்கே எல்லாச் சுவரும் வெள்ளை, இடுப்பு உயரத்துக்குப் பச்சை, ஆஸ்பத்திரி மாதிரி. மாம்பூ நிறம் ஒன்று உண்டு, மஞ்சளும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல். அது அந்த வெளிச்சத்துக்குப் பொருந்தும். தரைக்கு டைல்ஸ் வேண்டாம், சிவப்பு ஆக்சைடு போடு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா? எங்கள் அறைகளுக்குக் கிடையாது. சும்மா கேட்டேன்.

இதெல்லாம் உன் வேலை அறைக்காகச் சொல்கிறேன், எனக்காக அல்ல. உனக்குத் தெரியாததா? தவக்காலத்தில் இனிப்பை விட்டிருக்கிறேன், உன் வீட்டைப் பற்றி நினைப்பதையும் விட வேண்டும் என்றுதான் பார்க்கிறேன்.

ஜெபங்களுடன்,
சி. வெரோனிகா


செஞ்சி
04.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பாஸ்கா வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. உன் பெயரைச் சொல்லி மாத்திரை கொடுத்தால் மறுபேச்சு இல்லாமல் போட்டுக்கொள்கிறாள்.

ஊர் விலாசத்துக்கு வந்த உன் கடிதத்தை எனக்கு முன்னால் அம்மா பிரித்துப் படித்துவிட்டாள். நேற்று நான் போவதற்குள் உத்தரவு நேராக மேஸ்திரிக்குப் போய்விட்டது. “இன்னாம்மா, சிஸ்டர் ரூமுக்கு மாம்பூ கலருன்னு உங்கம்மா சொன்னாங்களே, அது எந்த கம்பெனில கெடைக்குது?” என்கிறார் சுந்தரமூர்த்தி மேஸ்திரி. வேலைக்கு வைத்தது நான், அறைக்குப் பெயர் உன்னுடையது. எலக்ட்ரீஷியன் கரிக்கட்டியால் சுவரில் ‘சிஸ்டர் ரூம்’ என்று எழுதி அம்பு வேறு போட்டிருக்கிறான். என் டிராயிங்கில் அதற்குப் பெயர் ‘ஸ்டுடியோ’. அதை ஒருவரும் படிப்பதில்லை.

ஒளித்து என்ன ஆகப்போகிறது, எழுதிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை. நீ மடத்துக்குப் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நீ துறவற உறுதி எடுத்த வார்த்தைப்பாட்டுக்கு ஊரே வேன் பிடித்துப் போனது. என் டிப்ளமோ விழாவுக்கு நான் மட்டும் பஸ்ஸில் போய்விட்டு பஸ்ஸில் வந்தேன். ஊர் வீட்டில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் உன் படம், அதற்கும் சீரியல் பல்பு. வருகிறவர்களெல்லாம் “சிஸ்டர் எப்படி இருக்காங்க” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நீயும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. உனக்கு மாலை, எனக்குத் திட்டு. நீ வந்தால் பெற்ற தாயே “வாங்க சிஸ்டர், உக்காருங்க” என்கிறாள். எனக்கு “ஏண்டி, அங்க இன்னா பண்ற.”

நான் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது இந்த ஒரு வீடு. அதிலும் நல்ல அறை உனக்கா? வயிறு எரிகிறது அக்கா. தப்பாக நினைத்தாலும் நினைத்துக்கொள்.

சாப்பாட்டைக் குறைக்காதே.

அமலா


21.05.2024

அன்பான அமலாவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்குப் பள்ளி விடுமுறை காரணம் இல்லை. இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. இந்தத் தடவை உன் செஞ்சி வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். அம்மா கையில் கிடைக்க வேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். போன மாதம் பாவசங்கீர்த்தனத்தில் “தங்கை வீட்டின்மேல் பொறாமைப்பட்டேன்” என்றேன். சாமியார் “எத்தனை தடவை?” என்றார். “எண்ணவில்லை சாமி, சமையலறை வரைக்கும் வந்துவிட்டேன்” என்றேன். உண்மை அதுதான். தூங்கும்முன் தினமும் உன் வீட்டுக்குள் ஒரு நடை போய் வருகிறேன். அலமாரிக்குக் கைப்பிடி மாற்றுகிறேன், சாவியை ஆணியில் மாட்டுகிறேன். உன்னிடம் சாவி இருப்பதுதான் எனக்குப் பெரிய பொறாமை.

அம்மா உன்னை ‘ஏண்டி’ என்பதாகக் குறைப்படுகிறாய். லீவில் வந்தால் எனக்குத் தனித்தட்டு, தனி நாற்காலி. உள்ளே நீயும் அம்மாவும் ரசத்துக்கு உப்பு போதுமா என்று சண்டை போடுவீர்கள். நான் ஃபேனுக்குக் கீழே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் களைத்துவிட்டேன் அமலா. பிள்ளைகளோடு படுத்து, மணி அடித்தால் எழுந்து, அடுத்த மணிக்கு ஓடி, ஜெபம் செய்ய உட்கார்ந்தால் ஒன்றுமே வருவதில்லை. வெளியே ஒரு வருடம் தங்கி யோசித்து முடிவெடுக்க எங்கள் சபையின் பெரிய மதரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். உன் வீட்டைப் பற்றி நீ எழுதியிருக்காவிட்டால் கேட்டிருக்கவே மாட்டேன். சபை உடை இல்லாமல்தான் இருக்க வேண்டும். அந்த முன் அறை ஒரு வருடத்துக்குக் கிடைக்குமா? அம்மாவிடம் இப்போது சொல்லாதே.

வெரோனிகா


செஞ்சி
16.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

வேலை வேகமாகப் போகிறது. சமையலறைக்குக் கடப்பாக் கல்லை எடுத்துவிட்டுக் கறுப்பு கிரானைட் போட்டாயிற்று. சிங்க் சன்னலுக்கு நேராக வரும்படி மாற்றினேன். மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு ஒட்டியதில் உள்ளே வெக்கை பாதியாகக் குறைந்திருக்கிறது. ஹாலுக்கு என்ன டைல்ஸ் என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் சாம்பல் நிறத்தில் பெரியதாக வாங்கினேன். கஸ்டமருக்கு அரை மணி நேரத்தில் முடிவு சொல்கிறவள், எனக்கென்றால் கடைக்காரர் பொறுமை போகிறவரைக்கும் நின்றேன். எல்லா சன்னலுக்கும் குரங்கு நுழையாத நெருக்கத்தில் கம்பி போட்டாயிற்று. ஒன்று வந்து வெளியே உட்கார்ந்து பிளம்பரின் டிபன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா வழக்கம்போல் காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்புகிறாள். ஆகஸ்ட் மாதா பண்டிகையன்று தீர்த்தம் தெளித்து வீடு மந்திரித்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஃபாதரிடமும் சொல்லிவிட்டாள்.

ஹாலுக்கும் முன் அறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டால் ஹால் பெரிதாகத் தெரியும் என்று எனக்கு ஒரு யோசனை. பார்க்கலாம்.

மழைக்கு முன் எல்லாம் முடிய வேண்டும்.

அமலா


06.07.2024

அன்பான அமலாவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

கடிதம் கிடைத்தது. சாம்பல் நிற டைல்ஸ் நன்றாகத்தான் இருக்கும்.

நான் கேட்டதற்குப் பதில் காணோம். வேலை நெருக்கடியில் மறந்திருப்பாய். மதர் அனுமதி கொடுத்துவிட்டார். யார் வீட்டில் தங்குவேன் என்று விலாசம் எழுதித் தரச் சொல்கிறார். உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. இல்லை என்றாலும் வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

வெரோனிகா


செஞ்சி
29.07.2024

அக்காவுக்கு,

சுவரை இடித்துவிட்டேன்.

மேஸ்திரி வேண்டாம் என்றுதான் சொன்னார். “நல்ல கெட்டியான செவுரும்மா, எதுக்கு இடிக்கணும்?” என்றார். ஈரம் ஊறிய சுவர் என்று உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எதற்குப் புளுகுவது? பாரம் தாங்க மேலே இரும்புக் கர்டர் கொடுத்து, பக்கத்தில் நின்று நானே இடிக்கச் சொன்னேன். இப்போது வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் ஒரே வெளிச்சம். தரை முழுக்க அந்தச் சாம்பல் டைல்ஸ், ஒரு வெட்டுத் துண்டுகூடத் தெரியாமல். நான் செய்த வேலைகளிலேயே இதுதான் அழகு. சன்னலுக்குக் கீழே என் மேஜை.

இத்தனை வருடம் ஊர் உன்னைத் தலையில் வைத்து ஆடியது. அதையும் நான்தான் வேடிக்கை பார்த்தேன். இப்போது அதை இறக்கி வைக்கவும் உனக்கு என் இடம்தான் வேண்டுமா? நீ சிஸ்டராக இருந்தபோதும் எனக்குப் பங்கு இல்லை, இல்லாமல் போனாலும் என் பங்கிலிருந்துதான் உனக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு நியாயமாகப் படவில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. இடித்த அன்று தூங்கினேன்.

அம்மா வந்து பார்த்துவிட்டு “சிஸ்டர் வந்தா எங்கடி படுப்பாங்க” என்று ஒரு கேள்வி கேட்டாள். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. நீ சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. அந்த ஒன்றை மட்டும் காப்பாற்றியிருக்கிறேன்.

அமலா


செஞ்சி
20.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? உன்னிடமிருந்து தகவல் இல்லை. இரண்டு ஞாயிறாக போனும் இல்லை என்று அம்மா கவலைப்படுகிறாள்.

பதினைந்தாம் தேதி வீடு மந்திரித்தாயிற்று. ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்து ஹால் நடுவில் நின்று “இவ்வளவு வெளிச்சமான வீட்டை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை” என்றார். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள். திண்டிவனத்திலிருந்து வந்த ஒருவர் அங்கேயே தன் வீட்டு வேலைக்கு அட்வான்ஸ் பேசினார். என் பெயரைச் சொல்லி ஊர்க்காரர்கள் பாராட்டியதை முதல் தடவையாகக் காதால் கேட்டேன். அம்மா பந்தியில் எல்லோருக்கும் பரிமாறினாள், “சிஸ்டர் இல்லாம ஒரு கொறதான்” என்று ஒவ்வொரு இலைக்கும் சொல்லிக்கொண்டே.

எல்லோரும் போன பிறகு மேஜையில் உட்கார்ந்தேன். வேலை ஓடவில்லை.

திட்டியாவது எழுது.

அமலா


30.09.2024

அமலாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான். அது தணியட்டும் என்று பார்த்தேன். தணியவில்லை, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நீ இடித்ததைப் படித்த அன்று, உன் டைல்ஸ் எல்லாம் விரிசல் விட வேண்டும் என்று நினைத்தேன். மறுபடி சாமியாரிடம் போனேன். இந்தத் தடவை அவர் எத்தனை தடவை என்று கேட்கவில்லை.

மதரிடம் உன் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. எனக்குப் போக வேறு வீடு கிடையாது. அறை இல்லாவிட்டால் உன் அழகான ஹாலில் ஒரு மூலையில் பாய் விரித்துக்கொள்கிறேன். கஸ்டமர் வந்தால் பின்பக்கம் போய் நிற்கிறேன். நீ என்னைப் பார்த்து எரி, நான் உன் சாவியைப் பார்த்து எரிகிறேன். இத்தனை தூரத்திலிருந்து தபால் போட்டு எரிவதற்கு, ஒரே வீட்டில் இருந்துகொண்டு எரியலாம், தபால் செலவாவது மிச்சம்.

நேற்று போனில் அம்மாவிடம் நானே சொன்னேன். உடையைக் கழற்றிவிட்டு வருகிறேன் என்றதும் லைன் கட்டாயிற்று. சிக்னல்தான் போய்விட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி அடித்தேன். அவள் எடுக்கவில்லை.

நவம்பர் முதல் வாரம் கிளம்புகிறேன். வாசலிலிருந்து திருப்பி அனுப்புவதாக இருந்தால் இப்போதே எழுதிவிடு.

வெரோனிகா


செஞ்சி
14.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அம்மா சுகம் என்று சொல்ல முடியாது.

நீ போனில் சொன்ன மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தாள். உட்காரவில்லை, தண்ணீர்கூட வாங்கவில்லை. “அவ வரட்டும், இந்த வாசப்படி மிதிக்க வுடாத. நான் கோயில்ல எப்படிடி தல காட்டுவேன்?” என்றாள். உன்னை அவள் ‘அவ’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு “எனக்கு இனிமே நீ ஒருத்திதான்டி பொண்ணு” என்றாள்.

பன்னிரண்டு வயதிலிருந்து இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன் அக்கா. கிடைத்துவிட்டது. நீ என்ன பெற்றாயோ அதெல்லாம் ஒரே நாளில் என் கைக்கு வந்துவிட்டது, ஊர், அம்மா, பெருமை எல்லாம். அவள் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டேன். நீ என்னிடம் தோற்றுப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒருவரும் இல்லாமல் போக வேண்டும் என்று ஆசைப்படவில்லை. இதற்கும் அதற்கும் வித்தியாசம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. “இது என் வூடும்மா. யாரு வரணும்னு நான்தான் சொல்லணும்” என்றேன். அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள். அப்புறம் வரவில்லை. நான் ஊருக்குப் போனாலும் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சுவரை மறுபடி எழுப்பச் சொல்லியிருக்கிறேன். ஏற இறங்கப் பார்த்தார். “இன்னாம்மா, வெளாட்டா இருக்குது உங்களுக்கு” என்றார். பழைய அஸ்திவாரம் கீழே அப்படியே இருக்கிறதாம். நான் மூன்று வாரம் அலைந்து வாங்கிய டைல்ஸை ஒரு கோடு மாதிரி நீளத்துக்கு உடைத்தார்கள். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஹால் பாழாகிவிட்டது. இப்போது யார் வந்து பார்த்தாலும் இந்த வீட்டைச் செய்தவளுக்குத் தொழில் தெரியாது என்பார்கள். என் மேஜை படுக்கையறைக்குப் போய்விட்டது. கட்டிலுக்கும் அதற்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

நல்லவளாகிவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. பொறாமை அப்படியேதான் இருக்கிறது. அம்மா எத்தனை நாள் தாங்குவாள்? ஒரு நாள் பையில் முறுக்கு கட்டிக்கொண்டு பஸ் ஏறி வருவாள். என்னைத் தாண்டி நேராக உன் அறைக்குள் போய் உன்னைக் கட்டிக்கொண்டு அழுவாள். அன்றைக்கு எனக்கு எப்படி எரியும் என்பது இப்போதே தெரிகிறது. தடுப்புச் சுவர்தானே, நாலரை இஞ்ச் போதும் என்றார் மேஸ்திரி. ஒன்பது இஞ்ச் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கிளம்பி வா.

அமலா